மண்ணில் எழுதிய பழைய கணக்கு: மண்வளமும் கார்பன் சேமிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் மாதிரிகளைக் காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் ஏற்றி எண்களாக மாற்றுவதுதான் பல வருடங்களாக என் வேலை. ஆய்வு மாணவர்கள், தொல்லியல் அகழாய்வில் இருப்பவர்கள், விவசாயம் செய்பவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

"மண்ணை எடுத்துச் சோதித்தால் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று நிஜமாகவே தெரிந்துவிடுமா?"

ஓரளவு தெரியும். எத்தனை மூட்டை விளைந்தது என்று மண் சொல்லாது. ஆனால் அங்கே எருப் போட்டார்களா, காடு நின்றதா புல் மண்டிக் கிடந்ததா, தீ வைத்தார்களா, சத்து சேர்ந்துகொண்டே வந்ததா உறிஞ்சப்பட்டுக்கொண்டே போனதா, இதையெல்லாம் நன்றாகவே சொல்லும்.

இதற்கு மூன்று வகைத் தடயங்கள் உதவுகின்றன. போட்ட இடத்தை விட்டு லேசில் நகராத தனிமங்கள் ஒன்று, அதில் பாஸ்பரஸ் முதல் இடம். கார்பன், நைட்ரஜன் போன்றவற்றின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்கள் இரண்டாவது. மூன்றாவது, இன்ன உயிரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அடையாளம் காட்டும் மூலக்கூறுகள்: இலை மெழுகு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், குடலில் உண்டாகும் ஸ்டனால்கள் என்ற கொழுப்புப் பொருட்கள், கரித்துண்டின் மிச்சம். மூன்றில் எதை அளந்தாலும் எண் வந்த உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு? இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் நான் பார்த்த தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அதைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

"எங்களிடம் மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. அது போதாதா?"

போதாது. வழக்கமான மண் பரிசோதனை, இந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய சத்தை மட்டும் அளக்கிறது. உதாரணமாக, மண்ணில் உள்ள மொத்த மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், அது மிகச் சிறு பங்கு. சட்டைப்பையில் இருக்கும் காசை எண்ணிவிட்டு ஒருவருடைய சொத்தைக் கணக்கிட முடியாதல்லவா, அதே கதைதான். பழைய காலத்தைத் தேடும்போது மொத்த அளவு வேண்டும், அது எந்தெந்த வடிவில் கட்டுண்டு கிடக்கிறது என்ற பிரிப்பும் வேண்டும்.

"கருப்பா இருந்தா வளமான மண், கார்பனும் நிறைய, சரிதானே?"

இரண்டுமே நிச்சயமில்லை. கரிசல் வகைக் களிமண் நல்ல கருப்பாக இருக்கும், ஆனால் அங்ககக் கார்பன், அதாவது செடி, உயிர்களின் மக்கிலிருந்து வந்த கார்பன், ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருப்பது அதில் சர்வ சாதாரணம். களிமத்தோடு (களிமண்ணின் நுண்ணிய கனிமத் துகள்) அங்ககப் பொருள் இறுகப் பிணைந்திருக்கும் விதமே அந்த நிறத்தைத் தருகிறது. இன்னொரு பக்கம் சதுப்பில் உண்டாகும் பீட் மண்ணைப் பாருங்கள், கிட்டத்தட்ட முழுக்க அங்ககப் பொருள்தான், ஆனால் அதில் பல வகை அமிலம் மிகுந்தவை, சத்து ஏழைகள். அங்கே கார்பன் சேர்ந்ததற்குக் காரணமே நீர் தேங்கி, காற்று புகாமல், மக்குவது தடைப்பட்டதுதான்.

அதனால் மண்வளத்தின் வரலாறு ஒன்று, கார்பனின் வரலாறு இன்னொன்று. சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும், சில இடங்களில் எதிரெதிராகப் போகும். உலக மண்ணின் முதல் ஒரு மீட்டரில் சுமார் 1,500 பில்லியன் டன் அங்ககக் கார்பன் இருக்கிறது, அதாவது காற்று மண்டலத்தில் இருப்பதைவிட வெகு அதிகம். அவ்வளவு பெரிய கையிருப்பு எங்கே எப்போது ஏறியது, எங்கே இறங்கியது என்று தெரிந்துகொள்ள நிறத்தைப் பார்த்தால் ஆகாது.

"ஏன் எல்லோரும் பாஸ்பரஸையே பிடித்துக்கொள்கிறார்கள்? தழைச்சத்து முக்கியம் இல்லையா?"

பயிருக்கு முக்கியம்தான், ஆனால் தழைச்சத்தான நைட்ரஜன் ஓர் இடத்தில் தங்காது. நைட்ரேட்டாகி நீரோடு இறங்கிவிடும், இல்லாவிட்டால் வாயுவாகிக் காற்றில் போய்விடும். சாம்பல் சத்தான பொட்டாசியமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நகரும். பாஸ்பரஸ் மட்டும் இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு பிணைந்துகொண்டு விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வாயு வடிவம் என்று சொல்லும்படி அதற்கு எதுவும் இல்லை. மண் அரித்துப் போனால் ஒழிய அது போகாது.

1920களில் சுவீடனில் ஒலோஃப் அரேனியஸ் இதைக் கவனித்தார். கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று 1896இல் கணக்குப் போட்ட ஸ்வான்டே அரேனியஸின் மகன் இவர். சர்க்கரைக் கிழங்கு பயிரிட மண்ணை ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, முன்பு மக்கள் வாழ்ந்து கைவிட்ட இடங்களில் பாஸ்பேட் தனியாக உயர்ந்து நிற்பதைப் பார்த்தார். வீடு, எலும்பு, சாணம், சாம்பல் எல்லாம் மறைந்துபோன பிறகும் அவற்றின் பாஸ்பரஸ் அங்கேயே இருந்தது. தொல்லியலில் பாஸ்பேட் வரைபடம் போடும் பழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வடகிழக்கு பிரான்சின் ஒரு காடு. கி.பி. 50 முதல் 250 வரை அங்கே ரோமானியர் காலத்துப் பண்ணைகள் இருந்தன, பிறகு கைவிடப்பட்டு காடு மூடிக்கொண்டது. ஏறக்குறைய 1,800 வருடம் கழித்து, பழைய கட்டடச் சுவரிலிருந்து வெளியே நடக்க நடக்க மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். பண்ணையை நெருங்கும் இடத்தில் பாஸ்பரஸ் கூடுதல், கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15 கூடுதல், அங்கே முளைக்கும் செடிகளின் கூட்டம்கூட வேறு. 2002இல் இது வெளியானபோது, பழமையான காடு என்று நாம் நம்பிக்கொண்டிருந்த பல காடுகளைப் பற்றிய எண்ணமே மாறியது.

"அப்போ பாஸ்பரஸ் அதிகமா இருந்தா அங்கே எருப் போட்டிருக்காங்கன்னு எழுதிடலாமா?"

எழுதாதீர்கள். அடியில் இருக்கும் பாறையே பாஸ்பரஸ் மிகுந்ததாக இருக்கலாம். எலும்பு புதைந்த இடமாக இருக்கலாம். அடுப்புச் சாம்பல் கொட்டிய குப்பைமேடாக இருக்கலாம். போன தலைமுறையில் போட்ட சூப்பர் பாஸ்பேட் உரமாகவும் இருக்கலாம், இதுதான் அதிகம் ஏமாற்றுவது. இங்கே துணைக்கு வரும் தடயம் காட்மியமும் யுரேனியமும். பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்த உரங்களில் இவை சிறிதளவு ஒட்டிக்கொண்டு வருவதால், மேல்மண்ணில் பாஸ்பரஸோடு சேர்ந்து இவையும் ஏறியிருந்தால் நவீன உரத்தின் மேல் சந்தேகம் போகவேண்டும்.

எருதானா என்று உறுதிசெய்ய குடல் மூலக்கூறுகளிடம் போகவேண்டும். அது அடுத்த கேள்வி.

"சாணத்துல இருந்து வந்ததா மனுஷன்கிட்ட இருந்து வந்ததான்னு கூடவா தெரியும்?"

பெரும்பாலும் தெரியும். மனிதக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கொலஸ்டிராலை கோப்ரோஸ்டனால் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஆடுமாடு தின்பது செடி கொடி, ஆகவே அவற்றின் குடலில் தாவர ஸ்டெராலான சிட்டோஸ்டெராலிலிருந்து வேறொரு ஸ்டனால் தூக்கலாக உண்டாகும். திறந்த மண்ணில் கொலஸ்டிரால் சிதையும்போது முக்கியமாக உண்டாவது இன்னொரு வடிவம், அதன் அணுக்கள் ஓர் இடத்தில் திரும்பி அமைந்திருக்கும். ஆகையால் இந்த வடிவங்களுக்கு இடையிலான விகிதத்தைப் பார்த்தால் குடல் வழியாக வந்ததா, யாருடைய குடல் என்பது புலப்படும். பித்த அமிலங்கள் இன்னும் துல்லியம்: ஹையோடிஆக்சிகோலிக் அமிலம் தென்பட்டால் பன்றியை நினைக்கலாம்.

ஆனால் இவை கரையாத, மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும் கொழுப்புப் பொருட்கள் என்றாலும் காலத்தில் சிதையக்கூடியவைதான். இருந்தால் நல்ல சாட்சி. இல்லாவிட்டால் எருவே போடவில்லை என்று சொல்லிவிட முடியாது.

"ஐசோடோப்புன்னா கதிரியக்கம் தானே? கையால தொடலாமா?"

தொடலாம். நம் உடம்பிலும் அதே ஐசோடோப்புகள்தான். கார்பன்-12, கார்பன்-13, நைட்ரஜன்-14, நைட்ரஜன்-15 எல்லாம் நிலையானவை, கதிர் வீசாதவை. ரேடியோகார்பன் எனப்படும் கார்பன்-14 மட்டும் கதிரியக்கம் உடையது, அதுவும் இயற்கையில் மிக மிக நுண்ணிய அளவு.

கார்பன்-13 எப்படி உதவுகிறது என்றால், நெல், கோதுமை, மரங்கள் முதலிய சி3 தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் கனமான கார்பனை அதிகம் ஒதுக்கிவிடும். மக்காச்சோளம், சோளம், கரும்பு, வெப்பமண்டலப் புற்கள் முதலிய சி4 தாவரங்கள் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. உலகத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்று எழுதும் அளவில், முதல் கூட்டம் மைனஸ் 27ஐ ஒட்டி நிற்கும், இரண்டாவது கூட்டம் மைனஸ் 12ஐ ஒட்டி. இலை உதிர்ந்து மக்கி மண்ணாகும்போதும் அந்த முத்திரை பெரும்பாலும் கூடவே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டை அழித்து மக்காச்சோளம் மட்டுமே பயிரிட்ட நிலம், பக்கத்தில் இன்னும் நிற்கும் காட்டு மண் மைனஸ் 27, நிலத்து மண் இப்போது மைனஸ் 21. பதினைந்து படி இடைவெளியில் ஆறு படி ஏறியிருக்கிறது, ஆக இன்றைய மண் கார்பனில் சுமார் 40 சதவீதம் பயிரிலிருந்து வந்தது, மீதி 60 சதவீதம் பழைய காட்டினுடையது. காடு அழிக்கப்பட்ட வருடம் தெரிந்தால் பழைய கார்பன் என்ன வேகத்தில் கரைகிறது என்பதும் கைக்கு வந்துவிடும். பக்கத்துக் காடு இல்லாவிட்டால் இந்தக் கணக்கே கிடையாது.

"குழி வெட்டி ஆழமாப் போகப் போக மைனஸ் 27, 26, 25ன்னு ஏறுது. அப்போ முன்னாடி இது புல்வெளி, சரியா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம். எப்போதும் காடாகவே இருந்த நிலத்திலும் ஆழத்தில் எண் ஒன்று முதல் மூன்று வரை ஏறுவது இயல்பு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் காற்றில் உள்ள கரியமில வாயுவின் கார்பன்-13 விகிதம் தொழிற்புரட்சிக்குப் பிறகு தொடர்ந்து இறங்கியிருக்கிறது, அதனால் மேலே விழும் புது இலை, அடியில் கிடக்கும் பழைய மக்கைவிட லேசான கார்பன் கொண்டது. அப்புறம் நுண்ணுயிர்கள் தின்று தின்று மிச்சம் வைப்பதும் சற்றுக் கனமாகவே இருக்கும்.

ஆகவே மூன்று படிக்குள் இருந்தால் தாவரம் மாறியதாக அறிவிக்காதீர்கள். மைனஸ் 27இலிருந்து மைனஸ் 18க்குப் போனால் அது வேறு செய்தி. அப்போதும் இலை மெழுகைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது: நீளமான கார்பன் சங்கிலிகளில் மரங்கள் 27, 29 பக்கமும் புற்கள் 31, 33 பக்கமும் சாய்வதுண்டு. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை, அந்தந்தப் பகுதியின் செடிகளை எடுத்து அளந்து பார்த்த பிறகே நம்ப வேண்டும். லிக்னின் இன்னும் தெளிவு, ஊசியிலை மரம், அகன்ற இலை மரம், புல் மூன்றும் வேறு வேறு பீனால்களைத் தருகின்றன.

"நைட்ரஜன் தங்காதுன்னு சொல்லிட்டு நைட்ரஜன்-15ஐ எப்படி நம்புறீங்க?"

நல்ல கேள்வி, பலரும் இதைக் கேட்பதில்லை. தங்காமல் போவதுதான் இங்கே தடயமே. சாணத்திலிருந்து அம்மோனியா வாயுவாகப் பறக்கும்போது லேசான நைட்ரஜன்-14 முந்திக்கொண்டு போகிறது, மிச்சத்தில் நைட்ரஜன்-15இன் பங்கு கூடுகிறது. வருடக்கணக்கில் எருப் போட்ட நிலத்தில் அது மண்ணிலும் ஏறும், அங்கே விளைந்த தானியத்திலும் ஏறும். காற்றிலிருந்து நேரடியாக நைட்ரஜன் எடுக்கும் பயறு வகைகள் மட்டும், காற்றோடு ஒப்பிடும் அளவில், பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும்.

மண்ணைவிடக் கருகிய தானியம் இதில் நம்பகமான சாட்சி. அடுப்பில் தவறி விழுந்து கருகிய ஒரு கோதுமை மணி, அது விளைந்த வருடத்து நிலத்தின் நிலையைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. 2013இல் ஆய்வாளர் ஏமி போகார்டும் அவருடைய குழுவினரும் ஐரோப்பாவின் 13 புதிய கற்கால இடங்களிலிருந்து, கி.மு. 5900க்கும் 2400க்கும் இடைப்பட்ட தானியங்களையும் பயறுகளையும் இப்படி அளந்து, அந்தக் காலத்திலேயே விவசாயிகள் எருப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். எருவின் பலன் பல வருடம் நின்று கிடைப்பது, எனவே அதைப் போட்டவர் அந்த நிலத்தில் நீண்ட நாள் இருக்க நினைத்தவர். கருகிய ஒரு மணியிலிருந்து அவ்வளவு தூரம் போக முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எச்சரிக்கை ஒன்று: வறட்சியும் நீர் தேங்குதலும்கூட நைட்ரஜன்-15ஐ உயர்த்தும். அதே இடத்துக் காட்டு விலங்கின் எலும்போ எருப் படாத செடியின் மிச்சமோ ஒப்பிடக் கிடைத்தால்தான் எருவைத் தனியாகப் பிரிக்க முடியும்.

"ரேடியோகார்பன்ல 1,200 வருஷம்னு வந்துச்சு. மண்ணோட வயசு அதுதானா?"

இல்லை. அது ஒரு கலவையின் சராசரி. நேற்று உதிர்ந்த இலையின் கார்பனும் ஐயாயிரம் வருடத்துக் கார்பனும் ஒரே பிடி மண்ணில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து எரித்து அளந்தால் நடுவில் ஏதோ ஓர் எண் வரும். கார்பன்-14இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 5,730 வருடம் என்பது ஒரு பொருள் ஒரே காலத்தில் இறந்திருந்தால் நேராக வயதைத் தரும். மண் அப்படி இறந்த பொருள் இல்லை, தினமும் வரவும் செலவும் உள்ளது. ஒரு கரித்துண்டை மட்டும் பொறுக்கி எடுத்து அளந்தால் அந்த மரம் வளர்ந்த காலம் கிடைக்கும், அது வேறு.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கின, 1963ஐ ஒட்டி அது உச்சம் தொட்டது. செய்தது என்னவோ அழிவு வேலை, ஆனால் அதனால் உலக மண் முழுவதற்கும் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. சோதனைகளுக்கு முன் எடுத்துச் சேமித்த மண்ணும் அதே இடத்தில் பின்னால் எடுத்த மண்ணும் கையில் இருந்தால், புதுக் கார்பன் எவ்வளவு வேகமாக எந்த ஆழம்வரை இறங்கியது என்று அளந்துவிடலாம்.

"மக்கி மக்கிக் கடைசியில ஹியூமஸ் ஆகி அது அழியாம நிக்கும்னு படிச்சோமே?"

நானும் அப்படித்தான் படித்தேன். காரத்தில் கரைத்து எடுக்கும் அந்தக் கரும்பொருளில் பெரும்பகுதி, பிரித்தெடுக்கும் முறையே உண்டாக்கிய தோற்றம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். ஒரு மூலக்கூறு அழியாமல் நிற்பதற்கு அதன் சொந்தப் பலம் மட்டும் காரணமில்லை, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே பெரிய காரணம்: களிமத்தின் மேல் ஒட்டியிருக்கிறதா, மண் கட்டிக்குள் காற்றும் நுண்ணுயிரும் எட்டாத இடத்தில் அடைபட்டிருக்கிறதா, குளிரிலோ நீரிலோ மூழ்கியிருக்கிறதா. லேசில் சிதையும் என்று நினைத்த சர்க்கரைகள்கூட இப்படி நூற்றாண்டுக்கணக்கில் தங்கியிருக்கின்றன.

இப்படித் தங்குவதில் கணிசமான பங்கு செத்த நுண்ணுயிர்களின் உடல்கள். அமினோ சர்க்கரைகளை அளந்து இதைச் சொல்கிறார்கள். மியூராமிக் அமிலம் பாக்டீரியாவின் சுவரில் மட்டும் உள்ளது, குளுக்கோசமைன் பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து வருவது. விளைநிலத்து மேல்மண்ணின் அங்ககக் கார்பனில் பாதி வரைகூட இந்தச் செத்த நுண்ணுயிர் எச்சமாக இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு.

"அமேசான்ல கருப்பு மண் இருக்கே, அது கரி போட்டதால வந்ததுதானே? நாமும் கரி போட்டா அதே மாதிரி ஆயிடுமா?"

டெர்ரா பிரேட்டாவைக் கேட்கிறீர்கள். சத்தெல்லாம் கழுவப்பட்டுப்போன மஞ்சள் சிவப்பு மண்ணுக்கு நடுவே, பழங்குடி மக்கள் வாழ்ந்த இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாகக் கருமண். பெரும்பாலும் 500 முதல் 2,500 வருடம் பழையவை. பக்கத்து மண்ணோடு ஒப்பிட்டால் கரிக் கார்பன் 70 மடங்கு வரை இருக்கிறது என்று 2001இல் அளந்து சொன்னார்கள். கரியை அளக்கும் வழியும் அழகானது: சூடான நைட்ரிக் அமிலத்தில் அதை உடைத்தால் பென்சீன் வளையத்தில் அமிலக் கைகள் முளைத்த மூலக்கூறுகள் கிடைக்கும், ஆறு கையும் உள்ளது எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்குக் கடும் சூட்டில் எரிந்த கரி என்று பொருள்.

ஆனால் வெறும் கரி அந்த வளத்தைத் தரவில்லை. அதே மண்ணில் பாஸ்பரஸும் கால்சியமும் எக்கச்சக்கம், மீன் எலும்பு, விலங்கு எலும்பு, சாம்பல், உடைந்த பானை ஓடு, மேலே சொன்ன மனிதக் குடல் ஸ்டனால்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. கரி சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவியது, சத்தைக் கொண்டுவந்தது மக்களின் கழிவு, அதுவும் பல தலைமுறை. கரியை மட்டும் கொட்டினால் கார்பன் தங்கும், வளம் தானாக வராது. வளமும் கார்பனும் வேறு வேறு வரலாறு என்று மேலே சொன்னதை இந்த மண் தெளிவாகக் காட்டுகிறது.

"1960ல எங்க நிலத்துல கார்பன் 1.2 சதவீதம்னு இருக்கு, இப்போ 1.2தான். ஒண்ணும் குறையலைன்னு சொல்லலாமா?"

மூன்று விஷயம் பார்க்காமல் சொல்ல முடியாது. முதலாவது, முறை. பழைய அறிக்கை வாக்லி பிளாக் முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1934இல் வந்த அந்த முறையில் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்ந்து கார்பனில் சராசரியாக முக்கால் பங்கு போலத்தான் பிடிக்கும், அதைச் சுமார் 1.3ஆல் பெருக்கி நிரவுவார்கள். கரித்துண்டு நிறைந்த மண்ணில் அந்தப் பெருக்கல் போதவே போதாது. இன்றைய உலர் எரிப்புக் கருவி எல்லாவற்றையும் பிடித்துவிடும், சுண்ணாம்பின் கார்பனையும் சேர்த்து. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒருமுறை கரி கலந்த ஒரு மாதிரியை இரண்டு முறையிலும் அளந்துவிட்டு, எடை தவறிவிட்டதோ என்று மறுபடி மறுபடி நிறுத்துப் பார்த்தேன். எடை சரி, பழைய முறைக்குக் கரி முழுதாக அகப்படவில்லை.

இரண்டாவது, ஆழம். முதல் 15 சென்டிமீட்டரா, 30ஆ? மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது, மண்ணின் அடர்த்தி. சதவீதம் என்பது செறிவு, கையிருப்பு அல்ல. 30 சென்டிமீட்டர் ஆழம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், கார்பன் 1 சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 39 டன். டிராக்டர் ஓடி ஓடி மண் இறுகி அடர்த்தி 1.5 ஆனால் அதே 1 சதவீதம் 45 டன் என்று காட்டும். ஒரு கிராம்கூடப் புதிதாகச் சேராமல் ஆறு டன் ஏறியதுபோல் தெரியும். அதனால் ஒரே ஆழத்தை ஒப்பிடாமல் ஒரே எடையுள்ள மண்ணை ஒப்பிட வேண்டும்.

"எங்கேயும் கைபடாத மண்ணே இல்லையே, அப்புறம் எதோடு ஒப்பிடுறது?"

தேடினால் கிடைக்கும். மேட்டுக்கு அடியில், பழைய சுவருக்கு அடியில், ஸ்டெப்பி புல்வெளியில் குர்கன் என்ற புதைமேடுகளுக்கு அடியில், கட்டிய நாளோடு மூடப்பட்ட மண் அப்படியே கிடக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், மூடிய பிறகு புது இலையும் வேரும் வராமல் உள்ளே இருந்தது மக்கிக்கொண்டேதான் இருந்திருக்கும், ஆகவே அங்கே கார்பன் அந்தக் காலத்தில் இருந்ததைவிடக் குறைவாகத் தெரியும். பாஸ்பரஸ் ஒப்பீட்டுக்கு அது நல்ல இடம், கார்பனுக்கு அவ்வளவு நல்லதில்லை.

பக்கத்துப் பக்கத்து நிலத்தை ஒப்பிட்டதில் ஹவாயின் மாவி தீவு எனக்கு மறக்காது. சுமார் 500 வருடம் முன்பு தொடங்கி, சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் அங்கே மானாவாரியாகப் பயிரிட்டார்கள். மண்ணுக்கு அடியில் எரிமலைக் கசடு ஓர் அடுக்காக இருந்தது. குச்சியால் குத்தி நட்டபோது அந்த அடுக்கு துளைபட்டு, வேர் அடியில் இருந்த ஈரத்தை எட்டியது. அதே துளை வழியாகச் சத்தும் கரைந்து இறங்கியது. பயிரிடாத இடத்தோடு ஒப்பிட்டால் கால்சியம் 49 சதவீதம், பொட்டாசியம் 37, பாஸ்பரஸ் 32 சதவீதம் குறைந்திருந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். பாஸ்பரஸ் நகராது என்றேன், ஆனால் கிழங்கோடு வீட்டுக்குப் போகும் பாஸ்பரஸ் திரும்பி வராவிட்டால் குறையத்தானே செய்யும்.

"மேல்மண்ணே அரிச்சுப் போயிருந்தா?"

அப்போது கீழ் மண்ணைப் பழைய மேல்மண் என்று எண்ணி ஏமாறுவோம். சீசியம்-137ஐ அளக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளில் உண்டாகிக் காற்றோடு வந்து விழுந்தது, களிமத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும், அரை ஆயுள் சுமார் 30 வருடம். அரிக்காத சமதளத்தில் உள்ள அளவைவிட உங்கள் சரிவில் குறைவாக இருந்தால் மண் போயிருக்கிறது, பள்ளத்தில் கூடுதலாக இருந்தால் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இது 1950களுக்குப் பிந்தைய அரிப்பை மட்டும் சொல்லும்.

"மாதிரி எடுக்கும்போது என்ன தப்பு நடக்கும்?"

மூலக்கூறுகளைத் தேடுகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் பையும் வெறுங்கையும் எதிரி. விரலில் உள்ள எண்ணெயில் கொலஸ்டிரால் இருக்கிறது, பிளாஸ்டிக்கிலிருந்து வேறு பொருட்கள் ஒட்டும். சூடேற்றிச் சுத்தம் செய்த அலுமினியத் தாள் அல்லது கண்ணாடிக் குடுவை வேண்டும். ஐசோடோப்புக்கு முதலில் ஒரு சிட்டிகை மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, காதருகே வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். சீறினால் அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கிய பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்ககக் கார்பனின் எண்ணே கெட்டுவிடும்.

அப்புறம் சல்லி வேர்கள். உருப்பெருக்கிக்கு அடியில் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதுதான், ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். முடியைவிட மெல்லிய அந்த வேர் போன மாதம் முளைத்தது, அதை உள்ளே விட்டுவிட்டால் ஆயிரம் வருடத்து மண் இளமையாகிவிடும்.

"எங்ககிட்ட ஒரே ஒரு சோதனைக்குத்தான் வழி இருக்கு. எதைச் செய்யலாம்?"

மொத்த பாஸ்பரஸ், ஆனால் இரண்டு இடத்தில்: உங்கள் நிலத்திலும், அதே பாறை, அதே சரிவில் முடிந்தவரை கைபடாத இடத்திலும். மண் அடர்த்தியை நீங்களே ஓர் உருளைக் குழாயும் தராசும் வைத்து எடுத்துவிடலாம், அதற்கு ஆய்வகக் கருவி தேவையில்லை.

அதோடு எடுத்த மண்ணில் பாதியைக் காயவைத்து மூடிப் போட்டு எடுத்து வையுங்கள். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் லாஸும் கில்பர்ட்டும் 1843இல் பிராட்பாக் வயலில் சோதனையைத் தொடங்கியபோது ஐசோடோப்பு என்ற சொல்லே பிறக்கவில்லை. ஆனாலும் மண்ணையும் தானியத்தையும் சேமித்துவைக்கும் பழக்கம் அங்கே உண்டானது, இன்று அந்தச் சேமிப்பில் மூன்று லட்சத்துக்கு மேல் மாதிரிகள். அங்கேயே ஹூஸ்ஃபீல்ட் என்ற வயலில் ஒரு துண்டு நிலத்துக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் எருப் போட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்தும் எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அதில் கார்பன் அதிகம். எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் அந்த இறக்கத்தின் வேகத்தை வருடம் வருடமாக வரைந்திருக்கவே முடியாது. உங்கள் குடுவையின் மேல் தேதி, சரியான இடம், எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம்வரை, அதற்கு முன் மூன்று வருடம் என்ன பயிர், என்ன உரம், இவற்றைப் பென்சிலால் எழுதி ஒரு சீட்டை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் போடுங்கள். மார்க்கர் மை சில வருடத்தில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும்.